பாலைக்குத் திரும்பிய வெள்ளை இரலை

அழிந்துபோன விலங்கினம் ஒன்றை மீண்டும் அதன் சொந்த நிலத்தில் வாழவைத்தல் இயலுமா? இயலும் என்பதற்கும், அஃது எத்துணை அரிய செயல் என்பதற்கும் அரேபிய ஓரிக்ஸ் ஒன்றே தக்க சான்றாகும்.

ஓரிக்ஸ், இரலை வகையைச் சேர்ந்தது. வெண்ணிற உடலும், நீண்டு நிமிர்ந்த இரு கொம்புகளும் உடையது. அதன் வெண்மை வெயிலின் வெம்மையைக் குறைக்கின்றது. அகன்ற குளம்புகள் மணலில் நடக்க உதவுகின்றன. நீர்நிலையே இல்லாத இடத்திலும், புல்பூண்டின் ஈரத்தையும் பனித்துளியையும் கொண்டு பல மாதங்கள் உயிர்வாழும். பாலையின் கொடுமையை வென்ற இவ்விலங்கால் மோட்டார் வண்டியையும் துப்பாக்கியையும் வெல்ல முடியவில்லை. இயற்கை நிலத்தில் எஞ்சியிருந்தவற்றுள் இறுதியானவை 1972-ஆம் ஆண்டில் ஓமான் நாட்டில் வேட்டைக்கு இரையாயின.

நல்லூழாக, பத்தாண்டுகளுக்கு முன்பே சிலர் விழித்துக்கொண்டனர். இலண்டனிலிருந்த விலங்குப் பாதுகாப்புக் கழகம் 1962-இல் ஏடன் பகுதிக்கு ஒரு குழுவை அனுப்பியது. பிடிபட்டவை நான்கு, அவற்றுள் ஒன்று இறந்தது. எஞ்சிய மூன்றோடு இலண்டன், குவைத், சவூதி அரேபியா ஆகிய இடங்களிலிருந்து கிடைத்தவற்றையும் சேர்த்து, ஒன்பது விலங்குகளை அமெரிக்காவின் பீனிக்ஸ் நகர் விலங்குக்காட்சிச்சாலையில் வளர்க்கலாயினர். நெருங்கிய உறவுடையவையே தமக்குள் கூடினால் கன்றுகள் நலிவுறும். ஆதலின் ஒவ்வொன்றின் தாய் தந்தையையும் ஏட்டிற் பதிந்து, இணை தேர்ந்து இனம் பெருக்கினர்.

வேலிக்குள் பிறந்த விலங்கைத் திடீரெனப் பாலையில் விடுதல் அதனைச் சாகவிடுதலை ஒக்கும். ஆகவே ஓமானில் முதலில் வேலியிட்ட பரப்பில் வைத்து, அந்நிலத்திற்குப் பழக்கி, ஒரே கூட்டமாக இணங்கச் செய்தனர். 1982 சனவரியில் பத்து விலங்குகள் வெளியே விடப்பட்டன. அந்நிலத்துக் குடிகளான ஹராசிஸ் மக்களே காவலர் ஆயினர்.

1996-இல் தொகை ஏறத்தாழ 450 ஆயிற்று. அவ்வாண்டே திருட்டும் தொடங்கியது. இம்முறை உயிருடன் பிடித்து விற்பதற்காக. 2007-இல் எஞ்சியவை சுமார் 65. ஓமான் அரசும் காப்பிடத்தின் பரப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. யுனெஸ்கோ 1994-இல் உலக மரபுச் செல்வமாக ஏற்ற அவ்விடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அங்ஙனம் நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே.

ஆயினும் முயற்சி வீண்போகவில்லை. அரபு நாடுகளிலும் இஸ்ரேலிலும் விடப்பட்டவை பெருகின. 2011-இல் இயற்கை நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை வாழ்ந்தன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? இனத்தைப் பெருக்குதல் பாதிப் பணியே. அதனை அழித்த காரணம் அகலாதவரை, திறந்துவிட்ட வாயில் மீண்டும் வேடன் கைக்கே வழியாகும்.