எக்ஸ்-ரேயில் சிக்காத தோள்பட்டை இறுக்கம்

தலை பின்னக் கை எழவில்லை. பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலி எழுப்பிவிடுகிறது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தே மூன்று மாதம் ஓடிவிடுகிறது. கடைசியில் எக்ஸ்-ரே எடுத்தால், ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருக்கிறது!

அப்படியானால் நோய் இல்லை என்று அர்த்தமா? இல்லை. 'ஃப்ரோசன் ஷோல்டர்' எனப்படும் தோள்பட்டை இறுக்கத்தில் எக்ஸ்-ரே பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பெயர் வந்த கதை

1934-இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். எக்ஸ்-ரே புதிதாக வந்த காலத்திலேயே அதைக் கையாண்டவர் அவர். எலும்பில் பெரிய மாற்றம் தெரியாமலேயே தோள் பூட்டிக்கொள்வதை அவர் பதிவு செய்தார். 1945-இல் ஜூலியஸ் நெவியாசர், கோளாறு மூட்டைச் சுற்றியுள்ள உறையில் இருப்பதை விளக்கினார். தளர்ந்த பைபோல் இருக்க வேண்டிய அந்த உறை அழற்சியால் தடித்துச் சுருங்குகிறது. 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்கு அதிகமாகவும் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அதிகமாகவும் இது வருகிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வரலாம்.

ஸ்கேனுக்கு முன் ஒரு சோதனை

முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைக்கச் சொல்வார் மருத்துவர். பிறகு மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவார். தசைநார் கிழிந்திருந்தால், நோயாளியால் தூக்க முடியாத கையை மருத்துவர் பெரும்பாலும் நகர்த்திவிட முடியும். தோள் இறுகியிருந்தால் அவராலும் திருப்ப முடியாது.

எக்ஸ்-ரே எதற்கு?

தோள் இறுக்கம் போலவே தோன்றும் மற்றவற்றை விலக்கத்தான். மூட்டுத் தேய்மானம், தசைநாரில் படிந்த சுண்ணாம்பு, எலும்பு முறிவு, கட்டி ஆகியவை இதில் தெரியும். வலிப்பு வந்தவர்களுக்குத் தோள் எலும்பு பின்பக்கமாக விலகியிருக்கலாம். அப்போதும் கை வெளிப்பக்கம் திரும்பாது. முன்பக்கப் படத்தில் மட்டும் பார்த்தால் இது எளிதில் தப்பிவிடும். அதனால்தான் இன்னொரு கோணத்திலும் படம் எடுக்கிறார்கள்.

அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும்

அல்ட்ராசவுண்டில் கையை அசைக்கச் சொல்லிக்கொண்டே தசைநார்களைப் பார்க்கலாம். கிழிசல் உண்டா, மூட்டுக்கு முன்னுள்ள தசைநார் தடித்திருக்கிறதா, அங்கே ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்பது தெரியவரும். கதிர்வீச்சு கிடையாது.

எம்.ஆர்.ஐ. உறையையே காட்டும். அக்குள் பக்கம் மடிந்து கிடக்கும் உறை சுமார் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பதும், மூட்டின் முன்பகுதிக் கொழுப்பு மறைந்திருப்பதும் முக்கிய அடையாளங்கள். ஆனால் எல்லோருக்கும் இது தேவையில்லை. கையால் செய்த சோதனையும் எக்ஸ்-ரேயும் தெளிவாக இருந்தால், பலருக்கு அதுவே போதும். சந்தேகம் நீடித்தாலோ, அறுவை சிகிச்சை பற்றி யோசித்தாலோ எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும்.

திரையைப் பார்த்தபடி ஊசி

ஸ்கேன் சிகிச்சைக்கும் உதவுகிறது. ஊசி முனையைத் திரையில் பார்த்தபடியே மூட்டுக்குள் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துகிறார்கள். சிலருக்கு உப்புநீர்க் கரைசலையும் சேர்த்துச் செலுத்தி, சுருங்கிய உறையை விரிக்கிறார்கள். அதன் பிறகும் பிசியோதெரபி பயிற்சிகளை விடாமல் செய்ய வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் இந்த ஊசிக்கு முன்பே தங்கள் மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஸ்டீராய்டு உள்ளே போன பிறகு சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறக்கூடும். அந்த நாட்களில் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்த்துக் குறித்துவைப்பது அவசியம்.