எல்லா இடத்திலும் நின்றவர்

மான்செஸ்டர் யுனைட்டெட் ரசிகர்னு சொல்றவங்ககிட்ட ஃபேவரிட் பிளேயர் யாருன்னு கேட்டுப் பாருங்க. ரொனால்டோ, ரூனின்னு பதில் வரும். யாராவது ஜான் ஓ'ஷேன்னு சொன்னா, அவர் உண்மையிலேயே மேட்ச் பார்த்தவர்.

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் 1981-ல் பிறந்தவர். டிஃபெண்டர்தான், ஆனா எந்த இடத்து டிஃபெண்டர்னு கேட்டா சொல்றது கஷ்டம். ரைட் பேக், லெஃப்ட் பேக், சென்டர் பேக், தேவைப்பட்டா மிட்ஃபீல்டு. யாருக்குக் காயமோ, அந்த இடத்தில் ஃபெர்குசன் இவரை நிறுத்துவார்.

2007 பிப்ரவரி, டாட்டன்ஹாமுடன் ஆட்டம். கோல்கீப்பர் வான் டெர் சார் மூக்கு உடைஞ்சு வெளியே போயிட்டார். அப்போ மூணு சப்ஸ்டிட்யூட்தான், மூணையும் இறக்கியாச்சு. கிளவுஸ் மாட்டிக்கிட்டு கோல் முன்னாடி வந்து நின்னது நம்ம ஓ'ஷே! பந்தோட தனியா வந்தவர் ராபி கீன், அயர்லாந்து அணியில் இவருக்கே கேப்டன். அதையும் தடுத்துட்டார். ஒரு மாசம்கூட ஆகல, லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் யுனைட்டெட் பத்து பேரோட திணறிட்டு இருந்தப்போ, ரொனால்டோவின் ஃப்ரீ கிக்கை கீப்பர் நழுவவிட, சப்ஸ்டிட்யூட்டா வந்த ஓ'ஷே இஞ்சுரி டைம்ல கோல் அடிச்சார். 1-0. அந்த சீசன் பட்டமும் யுனைட்டெடுக்கே.

மொத்தம் அஞ்சு பிரீமியர் லீக் பட்டம். 2011-ல் சண்டர்லேண்ட். அயர்லாந்துக்கு 118 ஆட்டம். 2014-ல் தன் நூறாவது ஆட்டத்தில், உலக சாம்பியன் ஜெர்மனிக்கு எதிரா அவங்க மண்ணிலேயே 94-வது நிமிஷத்தில் கோல் அடிச்சு டிரா செய்தார்.

2019-ல் ரெடிங் கிளப்பில் ரிட்டயர் ஆகி, அங்கேயே கோச்சிங்கில் இறங்கினார். எல்லா இடத்திலும் ஆடினவருக்கு ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஆட்டம் எப்படித் தெரியும்னு புரியும். கோச்சுக்கு வேற என்ன வேணும்?

2024-ல் அயர்லாந்தின் தற்காலிகத் தலைமைக் கோச் பதவி கிடைச்சது. நாலே ஆட்டம். பெல்ஜியத்தோட 0-0, சுவிட்சர்லாந்திடம் 0-1, ஹங்கேரியை 2-1 ஜெயிச்சாங்க, போர்ச்சுகலிடம் 0-3. கடைசி ஆட்டத்தில் ரெண்டு கோல் அடிச்சது பழைய டீம்மேட் ரொனால்டோ. நிரந்தரப் பதவி ஐஸ்லாந்துக்காரர் ஹால்கிரிம்சனுக்குப் போனது. நாலு ஆட்டத்தை வச்சு கோச்சை எடை போடறது, ஒரே இன்டர்னல் டெஸ்டை வச்சு கிரேடு போடற மாதிரி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

பலரும் கோவிச்சுக்கிட்டு கிளம்பியிருப்பாங்க. இவர் புது கோச்சுக்கே உதவியாளராகத் தொடர்ந்தார். 2025 நவம்பரில் டப்ளினில் அதே போர்ச்சுகலை அயர்லாந்து 2-0 ஜெயிச்சது. ரெட் கார்டு வாங்கி வெளியே நடந்தது ரொனால்டோ.