இருட்டு காட்டில் பறவையை 'கிளிக்' செய்வது எப்படி? பிளாஷ் அடித்தால் பட்டினி கிடக்கும் இருவாச்சி குடும்பம்!

பொள்ளாச்சி:-

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு சுற்றுலா போகிறவர்கள் இப்போதெல்லாம் கேமராவும் கையுமாகத்தான் போகிறார்கள். ரோட்டோரம் மேயும் வரையாடு, வெயிலில் உட்கார்ந்திருக்கும் சிங்கவால் குரங்கு எல்லாம் படத்தில் பளிச்சென்று விழுந்து விடுகிறது. ஆனால் சோலைக்காட்டுக்குள் இருக்கும் பறவையை எடுத்தால் மட்டும் கருப்பாக வருகிறது. இல்லாவிட்டால் கலங்கலாக, பேய் படம் மாதிரி வருகிறது. கேமரா சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்கு போகிறவர்களும் உண்டு.

கோளாறு கேமராவில் இல்லைங்க. காட்டுக்குள் வெளிச்சம் இல்லை. அதுதான் விஷயம்.

100-ல் ஒரு பங்கு

மழைக்காட்டில் மரத்துக்கு மேல் மரம், கிளைக்கு மேல் கிளை. உச்சியில் இருக்கும் இலைகளே வெயிலை எல்லாம் குடித்து விடும். வெட்டவெளியில் அடிக்கும் வெளிச்சத்தில் 100-ல் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் 2 பங்குதான் தரைக்கு வந்து சேரும். நம்ம கண் கொஞ்ச நேரத்தில் அதற்கு பழகி விடுவதால் நமக்கு வித்தியாசம் பெரிதாக தெரிவதில்லை. கேமராவுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது.

இதை எனக்கு புரிய வைத்தவர் ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர். தெருக்குழாயில் குடம் பிடிக்கிற கணக்குதான் இது என்றார் அவர். படம் என்பது குடம். வெளிச்சம் என்பது தண்ணி. லென்சில் இருக்கும் ஓட்டை குழாயின் வாய். ஷட்டர் என்பது குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது. தண்ணி வேகமாக வந்தால் ஒரு நொடியில் குடம் நிறையும். நூல் மாதிரி ஒழுகினால் குழாயின் வாய் பெரிசா இருக்கணும். இல்லாவிட்டால் காத்துக் கிடக்கணும்.

சாதாரண ஜூம் லென்சில் இழுத்து எடுக்கும்போது ஓட்டை 'எப் 5.6' அளவில் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 100-ல் வைத்து நல்ல வெயிலில் எடுத்தால் ஷட்டர் ஒரு நொடியில் 800-ல் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும். அதே கேமரா மரத்தடிக்கு வந்தால் ஒரு நொடியில் 8-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் நம்ம கை ஆடிவிடும். பறவையும் தலையை திருப்பி விடும். கலங்கல் படம் வருவது இதனால்தான்.

பெரிய வாய் உள்ள லென்ஸ் வாங்கலாம். 'எப் 4' லென்சில் இரண்டு மடங்கு, 'எப் 2.8' லென்சில் நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் தூரத்தை இழுக்கும் அந்த மாதிரி லென்ஸ் விலை லட்சக்கணக்கில் போகும். நமக்கு ஆகிற கதை இல்லை.

ரேடியோ இரைச்சல்

அடுத்த வழி ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவது. தூரத்து ரேடியோ ஸ்டேஷனை வால்யூம் கூட்டி கேட்கிற மாதிரி இது. பாட்டு பெரிசாக கேட்கும், கூடவே கரகரப்பும் பெரிசாகும். ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றினால் மேலே சொன்ன 8-ல் ஒரு பங்கு நேரம் 125-ல் ஒரு பங்காக குறையும். படத்தில் கொஞ்சம் மணல் தூவின மாதிரி புள்ளி விழும். விழட்டுமே! புள்ளி விழுந்த படத்தை பார்க்கலாம், கலங்கிய படத்தை ஒன்றும் பண்ண முடியாது. புதுசாக வரும் கேமராக்களில் 3200, 6400 வரைக்கும் தைரியமாக ஏற்றலாம்.

மிச்சத்தை கை ஆடாமல் பிடிப்பதில் சரிக்கட்ட வேண்டும். பழைய துணிப்பையில் கிலோ கணக்கில் அரிசியோ மணலோ போட்டு கட்டி, ஜீப் ஜன்னலிலோ மதகு சுவரிலோ வைத்து அதன் மேல் லென்சை படுக்க வைத்தால் போதும். செலவே இல்லாத ஸ்டாண்டு! வண்டி இன்ஜினை நிறுத்தி விட வேண்டும், அந்த அதிர்வே படத்தை கெடுத்து விடும். ஒரே தடவை அமுக்காமல் தொடர்ச்சியாக 8, 10 படம் எடுத்தால் ஒன்றிரண்டாவது கூர்மையாக விழும்.

செல்போனில் 'நைட் மோடு' இருக்கிறதே என்று கேட்கலாம். அது பல படங்களை ஒன்று சேர்த்து ஒரே படமாக காட்டுகிற வித்தை. அதுவரை எதிரில் இருப்பது அசையக்கூடாது. பாறையும் மரமும் அசையாது. குருவி சும்மா நிற்குமா?

6 மணிக் குருவி

ஆறுமணிக்குருவி என்று ஒன்று உண்டு. பச்சை, நீலம், சிவப்பு என ஒரு டப்பா கலரையும் கொட்டின மாதிரி இருக்கும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் வடக்கே இருந்து குளிருக்கு தமிழ்நாட்டு பக்கம் வரும். விடியற்காலையிலும், பொழுது சாயும்போதும் 6 மணி வாக்கில் விசில் அடிக்கும். அதனால்தான் அந்த பெயர். அதாவது வெளிச்சம் சுத்தமாக போன நேரத்தில்தான் ஆள் தலை காட்டும். அதுவும் தரையில் சருகுக்கு நடுவே.

இதை துரத்தி பிடிக்க முடியாது. ஒரு இடத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இரண்டு தத்து தத்திவிட்டு ஒரு நொடி சிலை மாதிரி நிற்கும், பிறகு மறுபடியும் தத்தும். அந்த நிற்கிற நொடிதான் நமக்கு. அப்போது அமுக்கினால் 60-ல் ஒரு பங்கு நேரத்தில் கூட படம் தெளிவாக கிடைக்கும்.

மரத்து மேல் பறவைக்கு வேறு தந்திரம். கீழே இருந்து அண்ணாந்து எடுத்தால் பின்னால் வெள்ளை வானம், முன்னால் கருப்பு உருவம்தான் கிடைக்கும். மலைப்பாதையில் பள்ளத்து மரங்களின் உச்சி நம்ம ரோட்டு மட்டத்துக்கே இருக்கும். அங்கே நின்றால் பறவை கண் மட்டத்தில், நல்ல வெளிச்சத்தில் கிடைக்கும். காட்டுக்குள் இறங்கவே வேண்டாம்.

பிளாஷ் ஏன் கூடாது?

இவ்வளவு சிரமம் எதுக்கு, ஒரு பிளாஷ் அடிச்சா முடிஞ்சுது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆரம்பத்தில் நானும் அப்படி நினைத்தவன்தான். இருவாச்சி கூடு ஒன்றை பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

இருவாச்சி தானாக மரத்தை குடைய தெரியாத பறவை. வயசான பெரிய மரத்தில் இயற்கையாக விழுந்த பொந்தை தேடும். பெண் இருவாச்சி உள்ளே போய் உட்கார்ந்து, எச்சம் முதலியவற்றை வைத்து வாசலை பூசி அடைத்துக் கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். ஒன்று அல்லது இரண்டு முட்டை. அடைகாப்பதற்கே 38 முதல் 40 நாள் வரை ஆகும். குஞ்சு பறக்கும் வரை மொத்தம் சுமார் 4 மாதம். அத்தனை நாளும் ஆண் பறவை அத்திப்பழத்தை தொண்டையில் அடக்கிக் கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அந்த கீறல் வழியாக ஊட்டுகிறது. உள்ளே இருக்கும் தாய்க்கு வேறு சோறு கிடையாது.

வால்பாறை பக்கம் அப்படி ஒரு மரத்தடியில் ஒரு சாயங்காலம் 6, 7 பேர் நின்று கொண்டிருந்தார்கள். நீ முந்தி, நான் முந்தி என்று பிளாஷ் மின்னல் மாதிரி வெட்டியது. ரயில் இன்ஜின் விடுகிற புகை சத்தம் மாதிரி இறக்கை சத்தம் கேட்டது. ஆண் இருவாச்சி வந்து விட்டது. ஆனால் கூட்டுக்கு வரவில்லை. தூரத்து மரத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை. பொழுது இருட்டியதும் அப்படியே பறந்து போய்விட்டது. கீழே நின்றவர்கள் படம் கிடைக்கவில்லையே என்று அலுத்துக் கொண்டார்கள். உள்ளே இருந்த தாய்க்கு அன்று ராத்திரி சாப்பாடு கிடைக்கவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

செல்போனில் பறவை சத்தத்தை போட்டு இழுப்பதும் இதே ரகம்தான். எதிராளி வந்து விட்டான் என்று நினைத்து பறவை இரை தேடுவதை விட்டு சண்டைக்கு அலையும்.

கேரளாவின் வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினரே இருவாச்சி கூடுகளை கண்காணித்து காவல் காக்கிறார்கள். மரத்துக்கு பக்கத்தில் போகாமல் தூரத்தில் இருந்தே பார்த்து குறிப்பு எடுக்கிறார்கள். போட்டோ எடுப்பவர்களுக்கும் அதுவே அளவு. ஆண் பறவை வரத் தயங்கினால் நாம் நிற்கும் இடம் ரொம்ப பக்கம் என்று அர்த்தம். மூட்டையை கட்டிக் கொண்டு பின்னால் போய்விட வேண்டும்.

மலை இருவாச்சி 1972-ம் ஆண்டு வனஉயிரின பாதுகாப்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை ஆகும். இந்த சட்டப்படி காட்டுப்பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் வேட்டையாடுவதும் ஒன்றுதான். முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆனைமலை பகுதியில் கூடு கட்டும் சீசன் பொங்கலை ஒட்டி தொடங்கி ஏப்ரல், மே வரை நீடிக்கும். கோடை சுற்றுலா கூட்டம் மலையேறுவதும் இதே மாதங்களில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.