கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கினால் 6,500 ரூபாய் மிச்சமா?

என் மச்சினன் ஒரு பழைய பொலிரோ வச்சிருக்கான். 2013 மாடல். பல்லடம் பக்கத்துல வீடு, கோயம்புத்தூர்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 52,000 ரூபாய். இரண்டு மாசம் முன்னாடி வண்டியில கிளட்ச் ஸ்லிப் ஆக ஆரம்பிச்சது. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறல. ஷெட்டில் 17,800 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தாங்க. அவன் எனக்கு போன் பண்ணி, "மாமா, நானே கியர்பாக்ஸை இறக்கி கிளட்சை மாத்திடறேன், பாதி காசு மிச்சம்" என்றான்.

பாதி காசு மிச்சமா? எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். கிளட்ச் செட் 8,900. ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து ஃபேசிங் போட 1,200. கியர் ஆயில் மற்றும் சில்லறைச் சாமான் 1,200. கூலி 6,500. இதில் முதல் மூணும் யார் வேலை செஞ்சாலும் கொடுத்தே ஆகணும். வீட்டில் செஞ்சா மிச்சமாகக்கூடியது கடைசி வரி மட்டும்தான். எந்த ரிப்பேர் எஸ்டிமேட் வந்தாலும் முதல்ல இப்படிப் பிரிச்சுப் பாருங்க. மொத்தத் தொகையைப் பார்த்துதான் நமக்குக் கோபம் வருது, ஆனா நம்ம கையில் இருக்கிறது கூலி மட்டும்.

சரி, அந்த 6,500-ஐ மிச்சம் பண்ண என்ன வேணும்? நல்ல ஜாக் ஸ்டாண்ட் இரண்டு ஜோடி 5,600, கியர்பாக்ஸ் ஜாக் 11,000, டார்க் ரெஞ்ச் 2,800, சக்கரக் கட்டை, கிளட்ச் சென்டர் பண்ற டூல் எல்லாம் சேர்த்து 900. அவன் கடையில் விசாரிச்ச விலை இது. மொத்தம் 20,300. அதாவது நாலாவது தடவை கிளட்ச் மாத்தும்போதுதான் லாபமே ஆரம்பிக்கும். அவன் ஓட்டுற ஓட்டத்துக்கு ஒரு கிளட்ச் ஆறேழு வருஷம் வரும். சொந்த வண்டியோட ஆர்.சி.யோ 15 வருஷத்துக்குத்தான், 2028-ல் எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்கணும். நாலாவது கிளட்ச் வரைக்கும் அந்த வண்டி இருக்குமான்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

இந்தக் கணக்கைச் சொன்னதும் அவன் என்ன செஞ்சான் தெரியுமா? டூல்ஸை லிஸ்டில் இருந்து தூக்கிட்டான். ஞாயிற்றுக்கிழமை நான் போனப்ப, வண்டியோட முன்பக்கம் நாலு சாலிட் பிளாக் மேல நிக்குது, நடுவுல ஒரு பாட்டில் ஜாக். அடியில் அட்டைப்பெட்டியை விரிச்சுப் படுத்துக்கிட்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டைக் கழட்டிக்கிட்டு இருக்கான். காலைப் பிடிச்சு வெளியே இழுத்தேன். வேற எதுவும் அப்போ தோணல.

ஏன் அவ்வளவு பயம்? சாலிட் பிளாக் சுவருக்காகச் செஞ்சது. சுவரில் எடை அதன் முழுப் பரப்பிலும் பரவி நிக்கும். சேஸிஸ் இரும்பு ஒரே விளிம்பில் உட்கார்ந்தா, முன்கூட்டி எந்த அறிகுறியும் இல்லாம ஒரு நொடியில் பிளந்துடும். பாட்டில் ஜாக் தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு இல்ல. உள்ளே ஒரு சீல் கசிஞ்சா போதும், இறங்கிடும். வண்டியைத் தூக்கினதும் சேஸிஸுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் வச்சு, எடையை அதன் மேல இறக்கி, வெளியே நின்னு பக்கவாட்டில் நல்லா ஆட்டிப் பார்த்து, அசையலைன்னாதான் அடியில் போகணும். தரை சமமான கான்கிரீட்டா இருக்கணும். மண் தரையிலும் டைல்ஸ் மேலயும் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொண்ணு, நிறைய பேர் யோசிக்காதது. "கியர்ல போட்டிருக்கேன், நகராது" என்றான். பின்சக்கர ட்ரைவ் வண்டியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டின நிமிஷமே கியர் எந்த சக்கரத்தையும் பிடிக்காது. மிச்சம் இருக்கிறது ஹேண்ட்பிரேக். அது பின் சக்கரங்களைத்தான் பிடிக்குது, பின்பக்கத்தையும் தூக்கிட்டா அதுவும் பிரயோஜனம் இல்ல. தரையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை கொடுக்காம முதல் போல்ட்டைத் தொடக்கூடாது.

அப்புறம் கியர்பாக்ஸ். இந்த மாதிரி வண்டியில் அது ஒரு சிமென்ட் மூட்டையைத் தூக்குற மாதிரி. ஃபோர் வீல் ட்ரைவ்னா ட்ரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து வரும், எடை ஒரு பக்கமா இழுக்கும். மல்லாந்து படுத்து நெஞ்சு மேல வாங்குற ஆட்களை நான் பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு வேண்டாம். கியர்பாக்ஸ் ஜாக்கில் வச்சு, பெல்ட் போட்டுக் கட்டித்தான் இறக்கணும்.

வரிசை இதுதான். பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும், ஏன்னா ஸ்டார்ட்டர் மோட்டார் வயரில் எப்பவும் கரன்ட் இருக்கும். ஆயிலை வடிக்கணும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் ஒரு கோடு போட்டு அடையாளம் வச்சுக் கழட்டணும், திரும்ப அதே இடத்தில் மாட்டலைன்னா ஓட்டும்போது அதிர்வு வரலாம். கியர் லீவர், ரிவர்ஸ் லைட் சுவிட்ச் வயர், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் அடுத்து. கிராஸ் மெம்பரை எடுக்கிறதுக்கு முன்னாடி இன்ஜினோட பின்பக்கத்துக்குக் கட்டை வச்சுத் தனியா முட்டுக் கொடுக்கணும். இல்லைன்னா இன்ஜின் பின்னால சாய்ஞ்சு மவுண்ட்டைக் கிழிக்கும்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகளில் இரண்டை மட்டும் கடைசி வரை விட்டுட்டு, ஜாக் எடையை ஏத்துக்கிட்டதும் அதையும் எடுத்து, நேரா பின்னால் இழுக்கணும். பாதியில் விட்டுட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. கியர்பாக்ஸ் எடை முழுக்க இன்புட் ஷாஃப்ட் மேல தொங்கினா கிளட்ச் பிளேட்டோட நடுப்பகுதி வளைஞ்சிடும். உள்ளே இருக்கிற கிளட்ச் தூசியை ஏர் அடிச்சு ஊதவும் கூடாது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியில் துடைங்க.

மாட்டும்போதுதான் காசு போற தப்பு நடக்கும். புது பிளேட்டை சென்டர் டூல் வச்சு நடுவில் நிறுத்தி பிரஷர் பிளேட்டை டைட் பண்ணணும். கியர்பாக்ஸை உள்ளே தள்ளும்போது கடைசி அரை இஞ்ச் சேரலைன்னா, "போல்ட்டைப் போட்டு இழுத்துடலாம்"னு தோணும். அலுமினியம் ஹவுசிங், காது உடைஞ்சிடும். அப்புறம் 6,500 மிச்சம் பண்ணப் போய் ஹவுசிங் வாங்கணும். பின்னால் இழுத்து, கியரில் போட்டு, அவுட்புட் பக்கத்தை லேசா சுத்திக்கிட்டே தள்ளினா பல் சேர்ந்து தானா உட்காரும். ஹவுசிங் முகம் இடைவெளி இல்லாம ஒட்டின பிறகுதான் போல்ட். எவ்வளவு இறுக்கம்கிறது சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதுக்குத்தான் டார்க் ரெஞ்ச். வண்டியைக் கீழே இறக்கறதுக்கு முன்னாடி புது கியர் ஆயில் ஊத்திடணும். மறந்துட்டு ஓட்டினா கியர்பாக்ஸே போயிடும்.

இப்போ என் வேலைக்கு வர்றேன். "அடிபட்டா இன்ஷூரன்ஸ் இருக்கே மாமா" என்றான். பாலிசியை எடுத்துட்டு வரச் சொல்லி உட்கார்ந்து படிச்சோம்.

வண்டி பாலிசியோட வர்ற உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம். 2018-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உயர்த்தின தொகை. அதில் எதுக்குப் பணம் வரும்? மரணம், இரண்டு கை கால் அல்லது கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம்னா முழுத் தொகை. ஒரு கை அல்லது ஒரு கண் போனா பாதி. அவ்வளவுதான். விலா எலும்பு முறிஞ்சாலோ, விரல் நசுங்கினாலோ அதில் ஒரு ரூபாய்கூட கிடையாது. ஓட்டும்போது, ஏறும்போது, இறங்கும்போது என்ற வார்த்தைகளோட "வண்டியோடு நேரடித் தொடர்பில்" என்றும் இருக்கும். வீட்டு வாசல்ல ஜாக் நழுவினது அதுக்குள்ள வருமான்னு வாதாடலாம். வாதாடப் போறது உங்க வீட்டுக்காரங்க. உதவிக்கு வந்த நண்பனுக்கு இந்த கவரே கிடையாது. நீங்க உடைச்ச ஹவுசிங்கும் மெக்கானிக்கல் பிரேக்டவுன் விலக்கில் போயிடும்.

ஆபீஸ் குரூப் ஹெல்த் பாலிசி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கலாம். சம்பளத்தைப் பார்த்துக்காது. சம்பளம் 21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் இருக்கிறவங்களுக்கு, சந்தா நிபந்தனை சரியா இருந்தா, வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதம் சிக்னஸ் பெனிஃபிட் உண்டு. என் மச்சினனுக்கு அது இல்ல. லீவ் தீர்ந்த பிறகு அவனுக்கு ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு 1,733 ரூபாய். நாலு நாள் வீட்டில் படுத்தாலே மிச்சம் பண்ண நினைச்ச கூலி போச்சு. மணிக்கட்டு முறிவுக்கு ஆறு வாரம் கட்டு.

தனியா எடுக்கிற தனிநபர் விபத்துப் பாலிசி வேற. அதில் தற்காலிக முழு ஊனத்துக்கு வாராவாரம் தொகை தர்ற பிரிவைச் சேர்த்துக்க முடியும். வீட்டில் இந்த மாதிரி வேலை செய்றதோ இல்லையோ, 25 வயசுல சம்பளத்தை நம்பி இ.எம்.ஐ. கட்டுறவங்களுக்கு அது தேவை. டேர்ம் பாலிசி உயிரோட இருந்து சம்பாதிக்க முடியாம போறதுக்கு இல்ல.

கடைசியில் என்ன ஆச்சுன்னா, தெரிஞ்ச ஒரு மெக்கானிக் ஷெட்டில் டூ போஸ்ட் லிஃப்ட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷெட் லீவ். லிஃப்ட்டுக்கும் அவர் கூட நிக்கிறதுக்கும் சேர்த்து 3,000 கேட்டார். பொருளை இவன் வாங்கினான், ஸ்பேனர் பிடிச்சதும் இவன்தான், அவர் சொல்லச் சொல்ல. காலையில் ஏத்தின வண்டி சாயந்தரம் ஓடிடுச்சு. மிச்சம் 3,500. அதில் விபத்துப் பாலிசி ஒண்ணு போட வச்சேன், கொஞ்சம் முணுமுணுத்தான்.

அந்த நாலு சாலிட் பிளாக்கும் இப்போ தண்ணி டிரம்முக்கு அடியில் இருக்கு. அவனோட பாலிசியில் எந்தப் பக்கத்தில் எந்த வரியைப் படிக்கணும்னு இந்த வார வீடியோவில் காட்டியிருக்கேன், உங்க பாலிசியையும் பக்கத்தில் வச்சுக்கிட்டுப் பாருங்க.