‘வாங்கின விலைக்காவது விக்கணும்’: இந்த ஒரு வரியால என் அக்கா குடும்பம் இழந்த 10 லட்சம்



வீடு வாங்குறதைப் பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். விக்கிறதைப் பத்தி இதுவரை நான் ஒரு வீடியோகூடப் போட்டதில்லை. காரணம், அந்த விஷயத்துல நான் கொடுத்த முதல் அறிவுரையே தப்பு. அந்தத் தப்புக்குப் பணம் கட்டினது என் அக்காவும் மாமாவும்.

அவங்க ரெண்டு பேர்கிட்டயும் அனுமதி வாங்கிட்டுத்தான் இதை எழுதுறேன். ‘மார்க்கெட் டல்லா இருக்கு, கொஞ்சம் பொறுத்து வித்துக்கலாம்’ என்று யாராவது உங்களிடம் சொல்லும்போது, இந்தக் கணக்கு உங்களுக்கு ஞாபகம் வரணும்.

நடந்தது இதுதான்

2013 அக்டோபர்ல மாமா ஓஎம்ஆர்ல, படூர் பக்கம், கட்டி முடிச்ச ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் வாங்கினார். பத்திரச் செலவு எல்லாம் சேர்த்து 58 லட்சம். 2017 தொடக்கத்துல அவருக்குக் கோயம்புத்தூர்ல நல்ல வேலை கிடைச்சது. அவங்க அப்பா அம்மாவும் அங்கேதான். சென்னை வீட்டை வித்துட்டு அங்கே ஒரு வீடு வாங்கிடலாம்னு முடிவு பண்ணாங்க.

அது எப்படிப்பட்ட நேரம்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 2015 டிசம்பர் வெள்ளம் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வீடு பார்க்க வர்றவங்க கேட்கிற முதல் கேள்வியே “இங்க தண்ணி வந்துச்சா?” என்பதுதான். 2016 நவம்பர் 8 பணமதிப்பு நீக்கத்துக்கு அப்புறம் வாங்குறவங்க எல்லாரும் ‘இன்னும் விலை இறங்கும்’னு காத்திருந்தாங்க. பக்கத்திலேயே பில்டர்களிடம் விற்காத புது ஃபிளாட்டுகள். மாடுலர் கிச்சன் இலவசம், கார் பார்க்கிங் இலவசம்னு போர்டு வெச்சிருந்தாங்க. நாலு வருஷப் பழைய ஃபிளாட்டை யார் தேடி வருவாங்க?

அப்படியும் 2017 மார்ச்ல ஒரு இளம் தம்பதி வந்தாங்க. லோன் அப்ரூவல் கையில் இருந்தது. 54 லட்சம், ரெண்டே மாசத்தில் ரிஜிஸ்ட்ரேஷன் என்றார்கள்.

அக்கா எனக்கு போன் பண்ணினாள். நான் சிஏ பாஸ் பண்ணி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனா வீட்ல எல்லாப் பண விஷயத்துக்கும் நான்தான் ஜட்ஜ். “58 போட்டு வாங்கினதை 54-க்கா கொடுப்ப? வாங்கின விலைக்காவது விக்கணும் அக்கா. ஒரு வருஷம் பொறு, மார்க்கெட் திரும்பும்” என்றேன்.

அந்த வீடு விற்றது 2018 நவம்பர்ல. 50.5 லட்சத்துக்கு.

நான் போடாமல் விட்ட கணக்கு

‘4 லட்சம் நஷ்டம் வேண்டாம்’ என்பது மட்டும்தான் அன்னிக்கு என் மண்டையில் ஓடியது. காத்திருப்பதற்கு மாசம் எவ்வளவு செலவு என்று ஒரு பேப்பரில்கூட எழுதிப் பார்க்கவில்லை. இப்போ எழுதுறேன், பாருங்க.

லோன் பாக்கி 36 லட்சம், வட்டி சுமார் 9%. ஈஎம்ஐ-யில் அசல் போகிற பகுதி நம்ம கடனைத்தான் குறைக்குது, அதைச் செலவாக எடுக்கக் கூடாது. வட்டியை மட்டும் எடுங்க.

- லோன் வட்டி (20 மாத சராசரி): 26,000
- அசோசியேஷன் மெயின்டெனன்ஸ்: 4,000
- சொத்து வரி, மினிமம் கரண்ட் பில்: 500
- வீட்டுக்குள் முடங்கிய சொந்தப் பணத்தின் வருமானம்: 7,000
- கழிக்க வேண்டியது, வட்டிக்குக் கிடைத்த வருமான வரிச் சலுகை: 5,000

நிகரமா மாசம் 32,500 ரூபாய்.

நாலாவது வரியைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க. 54-க்கு வித்து 36 லட்சம் லோனை அடைத்திருந்தால் கையில் 18 லட்சம் இருந்திருக்கும். அதை எஃப்டி-ல போட்டிருந்தாலே அன்றைய வட்டியில், வரி போக மாசம் 7,000 வந்திருக்கும். பூட்டிக் கிடக்கிற வீடு அந்தப் பணத்தையும் சேர்த்துப் பூட்டி வெச்சிருந்தது.

20 மாசத்துக்கு 6.5 லட்சம். விலை இறங்கினது 3.5 லட்சம். மொத்தம் 10 லட்சம். 4 லட்ச நஷ்டத்தைத் தவிர்க்கப் போய் வந்த பில் இது.

கணக்கில் வராததும் இருக்கு. மாமா மாசத்துக்கு ஒரு தடவையாவது சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்து வீட்டைக் காட்ட வருவார். பாதி நாள் பார்க்க வர்றேன்னு சொன்னவங்களே வர மாட்டாங்க. பழைய ஈஎம்ஐ ஓடிக்கிட்டிருந்ததால கோயம்புத்தூர்ல புது லோனுக்குத் தகுதி குறைஞ்சு, சரவணம்பட்டியில் பிடித்துப்போன ஒரு வீடு கைவிட்டுப் போச்சு. 2018 நடுவில் மாமாவோட அம்மாவுக்கு ஆபரேஷன். 18 லட்சத்தைச் சுவருக்குள்ள வெச்சுக்கிட்டு, அக்கா வளையலை அடகு வெச்சா. அதை என்கிட்ட சொன்னதே ஆறு மாசம் கழிச்சுத்தான்.

நஷ்டம் விக்கிற அன்னிக்கு வர்றதில்லை

58 லட்சம் என்பது 2013-ன் விலை. அதில் ஸ்டாம்ப் டூட்டியும் அடக்கம். அதையெல்லாம் அடுத்தவர் ஏன் திருப்பித் தரணும்? வாங்குறவருக்கு நீங்க எவ்வளவு போட்டீங்க என்பது தேவையே இல்லாத தகவல். அவர் பார்ப்பது, இதே பணத்துக்குப் பக்கத்தில் வேறென்ன கிடைக்குது என்பதை மட்டும்தான்.

54-க்கு விற்க மறுத்ததால் அந்த 4 லட்சம் எங்களிடம் தங்கிவிடவில்லை. மார்க்கெட் இறங்கின அன்னிக்கே அது போயாச்சு. விக்காம இருந்ததால அதைப் பார்க்காமல் இருந்தோம், அவ்வளவுதான்.

சரி, காத்திருப்பதே தப்பா? இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மாசம் 32,500 செலவை ஈடுகட்ட விலை எவ்வளவு ஏறணும்? 54 லட்சத்துக்கு அது மாசம் 0.6%, அதாவது வருஷத்துக்கு சுமார் 7%. அந்த அளவு ஏறினால்கூட லாபம் கிடையாது, சமம்தான். டல் மார்க்கெட்ல வருஷம் 7% ஏறும்னு எதை வெச்சு நம்புறீங்க? ‘மெட்ரோ வரப் போகுது’ என்று காத்திருப்பவர்களும், எத்தனை வருஷம், எத்தனை சதவீதம் என்று எழுதிப் பார்த்துவிட்டுக் காத்திருங்க.

லோன் இல்லை, பணமும் அவசரம் இல்லை என்றால் உங்க மாதச் செலவு ரொம்பக் குறைவு. நீங்க தாராளமா பொறுக்கலாம். லோன் இருந்து, விற்கவும் மனசு வரலைன்னா, குறைந்தபட்சம் வாடகைக்கு விடுங்க. அக்கா வீட்டுக்கு மாசம் 13,000 வந்திருக்கும், செலவு 19,500-ஆக இறங்கியிருக்கும். ‘ஆள் இருந்தா வீட்டைக் காட்ட முடியாது’ன்னு பயந்து காலியாவே போட்டோம். 11 மாத அக்ரிமென்ட்ல, முன்கூட்டிச் சொல்லி வீட்டைக் காட்டலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

இன்னொரு முக்கியமான விஷயம். மாமாவுக்குக் கிடைத்த அந்த 5,000 ரூபாய் வரிச் சலுகை, புது வரி முறையில் இருக்கிறவங்களுக்குக் கிடையாது. சொந்த உபயோக வீட்டின் வட்டிக்கு அதில் கழிவு இல்லை. வாடகை வீட்டில் வருகிற நஷ்டத்தையும் சம்பளத்தில் கழிக்க முடியாது. அப்படின்னா இதே வீடு உங்களுக்கு மாசம் 37,500 செலவு வைக்கும்.

உண்மையான விலையை எப்படித் தெரிஞ்சுக்கறது?

வெப்சைட்ல போட்டிருக்கிற விலை எல்லாம் விக்கிறவங்களோட ஆசை. நாங்களும் 62 லட்சம்னுதான் போட்டிருந்தோம். எவ்வளவுக்கு முடிஞ்சதுன்னு தெரியணும்னா, பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்துல உங்க குடியிருப்பு இருக்கிற சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க. சமீபத்தில் கைமாறின ஃபிளாட்டுகளின் பத்திர மதிப்பு தெரியும். சிலர் குறைத்துக் காட்டியிருக்கலாம். அதனால அக்கம்பக்கத்திலும், ரெண்டு மூணு புரோக்கரிடமும் விசாரித்துச் சரிபார்த்துக்கோங்க.

கைடுலைன் மதிப்பையும் பாருங்க. டல் மார்க்கெட்ல விற்கிற விலை கைடுலைனுக்குக் கீழே போயிடலாம். கைடுலைன் மதிப்பு உங்க விலையைவிட 10%-க்கு மேல் அதிகமா இருந்தா, கைடுலைனுக்கே வித்ததா வெச்சு உங்களுக்கு வரி போடுவாங்க. வாங்குறவருக்கும் அந்த வித்தியாசத்துக்கு வரி வரும். 2017 ஜூன்ல தமிழ்நாடு அரசு கைடுலைனை 33% குறைச்சது, 2023 ஏப்ரல்ல பழையபடி ஏத்திட்டாங்க. உங்க தெருவுக்கு இன்னிக்கு என்ன மதிப்புன்னு விலை பேசுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

பேப்பர் ரெடியா இல்லைன்னா பார்ட்டி போயிடும்

2018 தொடக்கத்தில் 52 லட்சத்துக்கு ஒருத்தர் வந்தார். ஒரிஜினல் பத்திரம் லோன் கொடுத்த பேங்க்ல இருந்தது. அவங்க பத்திரப் பட்டியல் கொடுக்கவே அஞ்சு வாரம் இழுத்தாங்க. அதுக்குள்ள அவர் பக்கத்தில் வேற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டார்.

வாங்குறவங்க குறைவா இருக்கிற நேரத்துல உங்க வேகம்தான் உங்க பலம். வீட்டை விளம்பரம் பண்றதுக்கு முன்னாடியே இதையெல்லாம் எடுத்து வைங்க: பேங்க்ல இருக்கிற பத்திரங்களின் பட்டியல், லோன் பாக்கி ஸ்டேட்மென்ட், தாய்ப்பத்திர நகல், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, கட்டிட அனுமதி, சொத்து வரி ரசீது, அசோசியேஷன்ல பாக்கி இல்லைன்னு கடிதம். ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டு லோனை முன்கூட்டி அடைக்கிறதுக்கு அபராதம் கிடையாது. பேங்க்ல யாராவது கேட்டா தைரியமா மறுங்க.

“கொஞ்சம் கேஷா கொடுக்கட்டுமா?”

நடுவில் ஒருத்தர் 55 லட்சம் தர்றேன், ஆனா 10 லட்சம் ரொக்கம்னு சொன்னார். வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த 20 மாசத்துல நான் சொன்ன ஒரே சரியான விஷயம் அதுதான். வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதுக்கு மேலோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகைக்குச் சமமா அபராதம் விதிக்க சட்டத்தில் இடம் இருக்கு. மார்க்கெட் டல்லா இருக்கும்போதுதான் இந்த ஆசை ரொம்பத் தூண்டும். ஜாக்கிரதை.

வரியில் இன்னும் மூணு விஷயம்:

1. விலை 50 லட்சமோ அதுக்கு மேலோ இருந்தா, வாங்குறவர் 1% டிடிஎஸ் பிடிப்பார். மாமாவுக்கு 50,500 பிடிச்சாங்க. அது உங்க பான் நம்பரில் ஏறியிருக்கான்னு பாருங்க. நீங்க என்ஆர்ஐ-ன்னா விதி வேற, பிடித்தம் இதைவிட ரொம்ப அதிகம்.

2. 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின வீடு என்றால், இந்தியாவில் வசிக்கிற தனிநபருக்கு நீண்டகால லாபத்துக்கு ரெண்டு கணக்கு உண்டு: பணவீக்கத்தைக் கழித்து 20%, கழிக்காமல் 12.5%. எது குறைவோ அதைக் கட்டலாம். 2013-ல் 58-க்கு வாங்கி 2025-26-ல் 75-க்கு விற்றால், இரண்டாவது கணக்கில் 2,12,500 வரி. முதல் கணக்கில் வாங்கிய விலையே 99 லட்சம் ஆகிவிடுவதால் வரி பூஜ்யம். அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியவர்களுக்கு 12.5% மட்டும்தான்.

3. மாமா வித்த 2018-ல் இண்டெக்சேஷன் போட்டதும் 23 லட்சத்துக்கு மேல் மூலதன நஷ்டம் வந்தது. குறித்த தேதிக்குள் ரிட்டர்ன் போட்டு 8 வருஷத்துக்குக் கொண்டுபோனோம், பின்னாடி மியூச்சுவல் ஃபண்டு லாபத்துல கழிச்சோம். இன்னிக்கு அந்த வழி கிடையாது. நிஜமா கைவிட்டுப் போன நஷ்டத்தை மட்டும்தான் கொண்டுபோகலாம்.

இந்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஒரு வேலை

ஒரு வீட்டை விக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கீங்களா? ஒரு பேப்பர் எடுத்து மேலே சொன்ன அஞ்சு வரியை உங்க நம்பர்களோடு எழுதுங்க. வர்ற தொகையைப் பன்னிரண்டால பெருக்குங்க. அடுத்த தடவை ஒரு ஆஃபர் வந்தா, அதை வாங்கின விலையோடு ஒப்பிடாதீங்க. இந்தத் தொகையோடு ஒப்பிடுங்க. வாங்கின விலை எங்கே தேவைன்னா, ஐடி ரிட்டர்ன்ல மட்டும்தான்.

அக்கா இப்போ கோயம்புத்தூர்ல சொந்த வீட்ல இருக்கா. வளையல் 2018 டிசம்பர்லயே திரும்பி வந்தது. இந்தக் கட்டுரையைப் படிச்சுக் காட்டினேன். “எல்லாம் சரிடா, அந்த முதல்ல வந்த பொண்ணும் பையனும் நல்ல பிள்ளைங்க. அவங்களுக்கே கொடுத்திருக்கலாம்” என்றாள்.

கொடுத்திருக்கலாம்தான்.