ராமென் கடையில் ஒரு மாலை

சொல்லைத் தொழிலாகக் கொண்டவன் சோற்றுக்கடைக்குப் போனாலும் சொல்லையே முதலிற் பார்ப்பான். யப்பானியர் ராமென் என வழங்கும் உணவைப்பற்றி எழுதப் புகுந்த யானும் அதன் பெயரிலிருந்தே தொடங்குகின்றேன். வாசகர் பொறுத்தருளுக, உணவு பின்னே வரும்.

1859ஆம் ஆண்டில் யொக்கோகாமாத் துறைமுகம் பிறநாட்டு வணிகர்க்குத் திறந்துவிடப்பட்டது. மேனாட்டாரோடு சீனரும் வந்து குடியேறினர். அவர்கள் கொண்டுவந்த கோதுமை மாவிழையை ஊரார் 'நான்கின் சோபா' என்றனர். நான்கின் என்பது சீனத்து நகரொன்றன் பெயர். சோபா என்பது யப்பானியர் தம் பழைய மாவிழைக்கு இட்டு வழங்கிய பெயர். பின்னர் அது 'ஷினா சோபா' ஆயிற்று. ஷினா என்றாலும் சீனம் என்றாலும் பொருள் ஒன்றே. ஆயின் போர்க்காலத்தில் அச்சொல் இகழ்ச்சிக் குறிப்பை ஏற்றுவிட்டது. யப்பான் தோற்றபின், 1946ஆம் ஆண்டில், அந்நாட்டு வெளிநாட்டமைச்சு அச்சொல்லை வழங்காது விடும்படி அறிவுறுத்தியது. கடைக்காரர் 'சூக்கா சோபா' என்று எழுதலாயினர். 1958ஆம் ஆண்டு ஓகத்து 25ஆந் திகதி, மொமொபுக்கு அந்தோ என்பார், கொதிநீர் ஊற்றி உண்ணத்தக்க உலர் மாவிழையைச் 'சிக்கின் ராமென்' என்னும் பெயரோடு விற்பனைக்கு விட்டார். அதன்பின் ராமென் என்னுஞ் சொல் நாடெங்கும் பரந்து மற்றைப் பெயர்களைப் பின்தள்ளிவிட்டது.

சீன மொழியில் 'லா மியென்' என்றால் இழுத்த மாவிழை. அதுவே ராமென் எனத் திரிந்தது என்பது பெரும்பாலார் கொள்கை. வேடிக்கை என்னவென்றால், யப்பானியர் ராமெனை இழுப்பதில்லை. மாவைத் தகடாக உருட்டிப் பொறியிலிட்டு அரிகின்றனர். காரணம் கழன்றுபோன காரணப்பெயர் இது. இனி இடுகுறி என்றே கொள்ளல் வேண்டும். மாணாக்கரின் கட்டுரைகளிற் பிறமொழிச் சொற்களைச் சிவப்பு மையால் வெட்டி முப்பது ஆண்டு கழித்தவன் யான். ஒரு நாட்டினர் தம் நாளாந்த உணவுக்குப் பிறர் சொல்லைச் சூடி, அச்சொல்லைத் தமதே போல ஆள்வதைக் காணும்போது, அந்தச் சிவப்பு மை சற்றே தயங்கத்தான் செய்கிறது.

நிற்க. என்னிடம் தமிழ் கற்ற ஒருவர் யப்பானிய மொழி பயிலத் தோக்கியோ சென்று அங்கேயே தங்கிவிட்டார். சென்ற ஆண்டு அவர் அழைப்பின்பேரில் யான் அந்நகர் சென்றிருந்தேன். என் உணவு நியமத்தை நன்கு அறிந்தவராதலின், மரக்கறியுணவு கிடைக்கும் இடங்களையெல்லாம் முன்கூட்டியே ஒரு கடதாசியிற் குறித்து வைத்திருந்தார். மூன்று நாள் அக்கடதாசியின்படியே நடந்தோம். நான்காம் நாள் மாலை, "நீர் வழக்கமாக உண்ணும் கடையை யான் பார்க்க வேண்டும்" என்றேன். அவர் முகம் வாடிற்று. "அது உங்களுக்கு ஏற்ற இடம் அன்று, ஐயா" என்றார். பார்ப்பதனால் நியமம் கெட்டுவிடாது என்றேன்.

புகைவண்டி நிலையத்தின் பின்புறத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தது அக்கடை. வாயிலிற் பிளவுபட்ட நீலச்சீலை தொங்கியது. அதனைத் தலையால் விலக்கிக்கொண்டு குனிந்து நுழைய வேண்டும். உள்ளே ஒரு நீண்ட பலகை. அதன் ஒருபுறம் ஒன்பது இருக்கைகள், மறுபுறம் அடுப்பும் கொப்பரைகளும். உண்பவன் முகத்தில் ஆவி அடிக்கும். வாயிலருகே ஒரு சீட்டுப் பொறி நிற்கிறது. காசை இட்டு, வேண்டிய உணவின் பொத்தானை அழுத்தினால், சிறு சீட்டு விழும். அதனைப் பலகைமீது வைத்தால் போதும், பேச்சு வேண்டியதில்லை. ஆள் ஒருவர்க்கு ஓர் உணவேனும் வாங்குதல் அங்கு மரபு. சும்மா வீற்றிருப்பவன் மற்றொருவன் இடத்தைக் கவர்ந்தவன் ஆவான். மாணாக்கர் தமக்கு 900 யென் கொடுத்து ஒரு ராமென் சீட்டும், எனக்கு ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றுக்குச் சீட்டும் எடுத்தார்.

கடைக்காரர் எழுபதை அணுகியவர். தலையிலே துவாய் கட்டியிருந்தார். என் சீட்டைப் பார்த்துவிட்டு மாணாக்கரிடம் ஏதோ கேட்டார். இவர் ஊன் உண்ணார், மீனும் உண்ணார் என்று மாணாக்கர் விளக்கினார். கிழவர் தம் கொப்பரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கே பன்றியெலும்பும் கோழியெலும்பும் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தன. பக்கத்துச் சட்டியில் மூங்கிற் குருத்து இருந்தது. அதனையாவது சோற்றோடு தரலாமே என்று மாணாக்கர் கேட்டார். கிழவர் கையை அசைத்து மறுத்தார். அதுவும் அந்தச் சாற்றிலேதான் வெந்தது என்றார். சொல்லாது விட்டிருந்தால் யான் அறிந்திருக்கமாட்டேன், மகிழ்ந்து உண்டிருப்பேன். இறுதியிற் சோற்றோடு உப்பிலிட்ட புளிப்புக்கனி ஒன்றும், உலர்ந்த கடற்பாசித் தாள் இரண்டும் வைத்தார். அவற்றுக்குக் காசு கொள்ளவில்லை.

ராமெனின் உறுப்புக்களை வகுத்துக் கூறுவோர் சாறு, சுவைக்குழம்பு, எண்ணெய், இழை, மேலீடு என ஐந்து என்பர். கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றப்படுவது சுவைக்குழம்பு. உப்பு, சோயாச் சாறு, மீசோ என்னும் புளித்த அவரைக்களி என்பவற்றுள் ஒன்று அதற்கு முதலாகும். பின் எண்ணெய், அதன்மேற் கொதிக்குஞ் சாறு, அதனுள் வெந்த இழை. இழையின் மஞ்சள் நிறத்தை முட்டை தந்தது என்று எண்ணற்க. சில கடைகளில் முட்டையுஞ் சேர்ப்பதுண்டு. எனினும் அந்நிறத்துக்கும் பல்லில் நின்று துள்ளும் அத்தன்மைக்கும் காரணம் 'கான்சுயி' எனப்படும் காரநீரே. ஈண்டுக் காரம் என்றது உறைப்பை அன்று; உவர்க்காரத்தை. மாவிலுள்ள நிறப்பொருள் காரம் பட்டு மஞ்சளாகிறது. இழை வெந்து சாற்றுள் இறங்கிய கணந்தொட்டு ஊறத் தொடங்கும். பத்து நிமிடம் விட்டால் அது ராமென் அன்று, கூழ். ஆகவே இவ்வுணவைப் பேசிக்கொண்டு உண்ணலாகாது.

மாணாக்கர் பேசினார். குச்சிகளைக் கையில் எடுத்துவிட்டு உண்ணாது இருந்தார்.

அவர் வந்த முதல் ஆண்டில் மொழிப்பள்ளியிற் பகலிற் படிப்பு. மாணவ அனுமதியில் வந்தோர் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரமே வேலை செய்யலாம். உணவுச்சாலை ஒன்றிற் கோப்பை கழுவினார். அறையிலே சமைக்க இடமில்லை. பாணும் வாழைப்பழமுமாக மூன்று மாதம் கழிந்தது. தை மாதத்து இரவொன்றிற் பனி கொட்டிக்கொண்டிருக்க, வேலை முடிந்து வரும்போது இந்தச் சீலையின் இடுக்கால் வெளிச்சமும் ஆவியும் வந்தன. உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்தே நுழைந்தார்.

"அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை. புலான் மறுத்தல் அதிகாரத்தை எனக்கு மனனஞ் செய்வித்தவர் நீங்கள். உங்களுக்குச் சொல்லாமல் இந்த இடத்தில் இருந்து உண்ண என்னால் முடியாது, ஐயா."

என்ன சொல்வது என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் அவ்வதிகாரத்துக்கு யான் கூறிய விரிவுரைகள் எல்லாம் நினைவிலிருந்தன. அவற்றுள் ஒன்றேனும் அந்தப் பலகைமுன் வாயில் வரவில்லை. "அன்றைக்கு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டேன்.

"சூடாக இருந்தது, ஐயா."

இதற்குள் கிழவர் கரண்டியாற் பலகையைத் தட்டி அதட்டினார். இழை ஊறிக்கெடுகிறதாம். "உண்ணும்" என்றேன். அவர் உண்டார். யானும் புளிப்புக்கனியைச் சோற்றிற் பிசைந்து உண்டேன். யான் அவரைக் கண்டித்திருக்க வேண்டுமோ என்னும் ஐயம் எனக்கு இன்றும் உண்டு. ஊன் உண்பது தவறன்று என்று யான் சொல்லவுமில்லை, சொல்லப்போவதுமில்லை. ஆயின் பனியிரவிற் பசித்து நின்ற இருபது வயதுப் பிள்ளையை யான் அங்கே கண்டேனேயன்றி, விதியை மீறிய ஒருவரைக் காணவில்லை.

ஏழை எளியவர், வீடு நீங்கி வந்தோர், இரவு வேலையாளர் ஆகியோரின் உணவாகவே இது வளர்ந்தது. 1910ஆம் ஆண்டில், யொக்கோகாமாச் சுங்கத்தில் உத்தியோகம் பார்த்த கன்இச்சி ஒசாக்கி என்பவர், அவ்வூர்ச் சீனர் குடியிருப்பிலிருந்து சமையற்காரரை அழைத்துவந்து தோக்கியோவின் அசக்குசாவில் 'ராய்ராய்க்கென்' என்னும் கடையைத் திறந்தார். நகரத்து வேலையாளரிடையே அது பெருவரவேற்புப் பெற்றது. போர் முடிந்தபோது அரிசி இல்லை. அமெரிக்கக் கோதுமை வந்திறங்கியது. இடிபாடுகளுக்கிடையே தள்ளுவண்டிக் கடைகள் முளைத்தன. ஒசாக்காவில் அத்தகைய கடையொன்றின் முன் குளிரில் நடுங்கி நின்ற நீண்ட வரிசையைக் கண்டதே தமக்கு வித்தாயிற்று என்று மேலே கூறிய அந்தோ பின்னாளிற் கூறுவதுண்டு.

அவ்வண்டிக்காரர் தம் வரவை அறிவிக்க ஊதிய குழலுக்குச் 'சருமேரா' என்று பெயர். போர்த்துக்கீசர் மொழியிலிருந்து வந்த சொல் அது. இரட்டைச் சீவாளி பொருந்திய துளைக்கருவி. ஆகவே நம் நாகசுரத்துக்கு உறவுமுறை உடையது. உறவினன் கோயில் வாயிலில் நிற்க, இவன் இரவுத் தெருவிற் சோறு விற்றான்.

இன்று அத்தகைய சிறு கடைகள் இடர்ப்படுகின்றன. '1000 யென் சுவர்' என்று ஒரு வழக்கு அங்கே உண்டு. ஒரு கிண்ணத்தின் விலை அதனைத் தாண்டினால் வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவர் என்பது கருத்து. கோதுமை, இறைச்சி, மின்சாரம் எல்லாம் விலையேறியும் அந்தச் சுவரைத் தாண்ட அஞ்சுகின்றனர் கடைக்காரர். நாம் கண்ட கிழவர்க்கும் கடையை ஏற்க ஆள் இல்லை என்று மாணாக்கர் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் இருந்தது, தம் வீட்டை விற்கப்போகிறார்கள் என்று அறிந்தவன் குரல்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தோகென் என்னும் துறவி நினைவுக்கு வந்தார். 1223ஆம் ஆண்டில் அவர் சீனத்துறை ஒன்றில் மரக்கலத்திலே தங்கியிருந்தபோது, அறுபத்தொரு வயதுடைய முதிய துறவி ஒருவர் கலத்துக்கு வந்தார். மடமொன்றின் அடிசிற்றலைவர் அவர். மறுநாட் பண்டிகை, துறவியர்க்கு மாவிழைச் சாறு சமைக்க வேண்டும், அதற்கிட வேண்டிய பண்டம் இல்லை, யப்பானியக் கலத்தில் அது கிடைக்கும் என்று மலையிலிருந்து நெடுவழி நடந்து வந்திருந்தார். அப்பண்டம் காளான் என்று உரைகாரர் பலரும் கொள்வர். இந்த வயதில் தியானத்தையும் நூலையும் விட்டு அடுப்படி வேலை எதற்கு என்று இளந்தோகென் வினாவினார். முதியவர் சிரித்து, எழுத்து என்பது இன்னதென்று நீர் இன்னும் அறிந்திலீர் என்றாராம். தோகென் 1237ஆம் ஆண்டில் மடத்து அடிசிற்றலைவர்க்கென எழுதிய அறிவுரை நூலில் இவ்வரலாறு உள்ளது. எழுத்தையே கற்பித்து வாழ்பவன் இதனைப் படித்துவிட்டு எளிதில் மறக்க முடியாது.

காளானைப்பற்றி இன்னொரு செய்தி. 1908ஆம் ஆண்டில் கிக்குனே இக்கெடா என்னும் அறிஞர் கொம்பு எனப்படும் கடற்பாசியின் சாற்றை ஆராய்ந்து, அதன் சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்து, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். நம் அறுசுவையுள் அதனை எதனோடு சேர்ப்பது என்று யான் பன்முறை எண்ணியும் இடம் காணவில்லை. நம் மாசிக்கு இனமான அவர்களது உலர்மீனிலும், உலர்ந்த ஷியித்தாக்கே என்னும் காளானிலும் அதனை ஒத்த சுவைப்பொருள்கள் உள. கடற்பாசியோடு இவற்றுள் ஒன்று கூடினால் சுவை பன்மடங்கு மிகும். ஆகவே எலும்பும் மீனும் இன்றி, பாசியும் காளானுங் கொண்டே நல்ல சாறு காய்ச்சலாம். யப்பானிய மடங்கள் இதனை நெடுங்காலமாகச் செய்து வருகின்றன.

மறுநாள் மாணாக்கர் என்னைத் தோக்கியோ நிலையத்துள்ளே, கேயோ வீதி எனப்படும் கடைத்தொகுதிக்கு அழைத்துச் சென்றார். விலங்குணவு எதுவுங் கலவாத ராமென் அங்கே உண்டு. எள்ளரைத்த சாற்றிலே 'தன்தன்மென்' வந்தது. சீனத்திலே காவுதடியின் இருபுறமும் சுமந்து விற்றதனால் வந்த பெயராம். காவுதலால் வந்த பெயர் என்றதும் எனக்குக் காவடி நினைவு வந்தது, சொல்லத் தொடங்கினேன். "ஐயா, இழை ஊறிவிடும்" என்றார்.

குச்சிகள் என் விரலுக்கு வசப்படவில்லை. ஓசையெழ உறிஞ்ச வேண்டும் என்றார். காற்றோடு உறிஞ்சினால் சூடு தணியும், மணமும் ஏறுமாம். உண்ணும்போது வாயில் ஓசை எழலாகாது என்று என் தாயார் கற்பித்தார். யானும் பலர்க்குக் கற்பித்தேன். அவர்களுள் இவரும் ஒருவர். ஓசையின்றி இரண்டு இழையை உட்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாக, ஐயா."