சாம்பார்ப் பொடியின் மணம் எங்கே போகிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பலருக்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம். ஞாயிறன்று மாவு மில்லின் முன் மல்லி, மிளகாய்ப் பைகளோடு பலர் காத்திருப்பதைக் காணலாம். ஒருமுறை அரைத்து வைத்துக்கொண்டால், ஷிப்ட் முடிந்து களைத்து வரும்போது சமையல் எளிதாகிவிடும் அல்லவா? மில் இருக்கும் தெருமுனையிலேயே மணம் கமழும். ஆனால் சற்றே சிந்தியுங்கள். தெருவில் மணப்பது எது? நாம் காசு கொடுத்து வாங்கிய சரக்கின் ஒரு பகுதியே அது!

மல்லியின் மணத்திற்கு லினலூல் என்ற எண்ணெய்ப் பொருளும், சீரகத்தின் மணத்திற்குக் குமினால்டிஹைடும் முக்கியக் காரணங்கள். இவை எளிதில் ஆவியாகக் கூடியவை. மிளகாயின் காரத்திற்குக் காரணமான காப்சைசினோ அவ்வாறு எளிதில் ஆவியாவதில்லை. மில்லில் நமக்கு இருமல் வருவது நுண்ணிய மிளகாய்த் துகள்கள் காற்றில் பறப்பதால்தான். பழைய பொடியில் மணம் போய்க் காரம் மட்டும் எஞ்சுவதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

ஆவியாதல் இரண்டினால் விரைவடைகிறது. ஒன்று, பரப்பு. 4 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை 0.2 மில்லிமீட்டர் துகள்களாக்கினால் 8,000 துகள்கள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 20 மடங்காகும். எனவேதான் முழு மல்லி பல மாதங்கள் மணக்கிறது. பொடி விரைவில் மணம் இழக்கிறது.

மற்றொன்று, வெப்பம். 5 குதிரைத்திறன் மோட்டார் முழுத் திறனில் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 3,700 ஜூல் ஆற்றலைத் தருகிறது. உராய்வினால் இதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. மில்லிலிருந்து விழும் பொடி கையைச் சுடுவது இதனால்தான். பெரிய தொழிற்சாலைகள் சிலவற்றில் –196 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனால் குளிர்வித்தே அரைக்கிறார்கள். நமக்கு அது வேண்டியதில்லை. சிறிது பொறுமை போதும்.

பொடிக்கு இன்னொரு பகை ஈரம். பனியன் தொழிலில் உள்ளவர்கள் இதை நன்கு அறிவார்கள். முற்றிலும் உலர்ந்த 100 கிராம் பஞ்சு, சாதாரணக் காற்றிலிருந்து ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பொடியும் இவ்வாறே ஈரத்தை ஈர்க்கும். சூடான பொடியை உடனே மூடினால் நிலைமை இன்னும் மோசம். 60 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 130 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம்தான். ஆறும்போது மிகுதி நீராவி மூடியின் உட்புறம் துளிகளாகிப் பொடியில் விழும். எங்கள் வீட்டிலேயே அவசரத்தில் அப்படி மூடிய ஒரு டப்பாப் பொடி, மழைக்காலத்தில் கட்டி தட்டிப் பூசணம் பிடித்தது.

இழப்பு காசு மட்டுமன்று. சிலவகைப் பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். நாளடைவில் அது கல்லீரல் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். சாதாரணச் சமையல் வெப்பத்தில் அது முற்றிலும் அழிவதில்லை. ஆகவே பூசணம் கண்ட பொடியை வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தாதீர்கள், எறிந்துவிடுங்கள்.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். மல்லி 200 கிராம், காய்ந்த மிளகாய் 100, துவரம் பருப்பு 50, கடலைப் பருப்பு 50, மிளகு 20, சீரகம் 20, வெந்தயம் 10 கிராம். மிளகாயை நல்ல வெயிலில் மொறுமொறுப்பாக உலர்த்துங்கள். மற்றவற்றைத் தனித்தனியே இளந்தீயில் வறுங்கள். ஒவ்வொன்றும் சூடேறும் வேகம் வேறு. பருப்புகள் சிவக்க வேண்டும். மல்லியும் சீரகமும் மணம் எழுந்ததும் இறங்க வேண்டும். வெந்தயம் கருகினால் கசக்கும். நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள். மிக்ஸியானால் விட்டுவிட்டு ஓட்டுங்கள். அரைத்ததைத் தாளில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத வரை ஆறவிடுங்கள். பிறகு 10 கிராம் மஞ்சள் தூளைக் கலந்து, ஈரமில்லாத பாட்டிலில் நிரப்பி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் ஒளியில் சிதையும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள் நமக்கு அருகிலேயே கிடைக்கிறது.

மாணவர்களே, ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே பொடியை இரு பாட்டில்களில் வையுங்கள்; ஒன்றைச் சூட்டோடு மூடுங்கள், மற்றதை ஆறிய பின் மூடுங்கள். மறுநாள் இரண்டு மூடிகளின் உட்புறத்தையும் உற்றுப் பாருங்கள். பாடநூலில் படித்த ஆவி சுருங்குதல் உங்கள் வீட்டு அடுக்களையிலேயே தெரியும்!